அலமாரி மேல் 38 வருஷம்: ஓர் எர்ஹுவைச் சரிசெய்த குறிப்புகள்

மலேசியாவில், கம்பாரில் அம்மாவின் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். அம்மா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அலமாரி மேலே, இரும்புப் பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு பழைய கைலியில் சுற்றிய நீள மூட்டை. கொழுந்தன்தான் ஏறி எடுத்துக் கொடுத்தான். "என்ன அண்ணி இது, ஒட்டடைக் கம்பா?" என்றான். கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு முனை மட்டும் கனக்கும் மூட்டை அந்த வீட்டில் வேறெதுவும் இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மீதி புரியும். நான் 1974-இல் பிறந்தவள். சீனக் கணக்கில் அது புலி வருஷம். புலி வருஷத்தில் பிறந்த பெண் வீட்டுக்கு ஆகாது என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. ஏற்கெனவே நான்கைந்து பிள்ளைகள் இருக்கும் ஏழை வீட்டில் அந்த நம்பிக்கைக்கு இன்னும் பலம் வந்துவிடும். மலாயாவில் சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தது ஒன்றும் அதிசயமில்லை. ஜப்பான்காரன் காலத்திலிருந்தே நடந்ததுதான். சேலை கட்டி, பூ வைத்து, கோயிலில் தேவாரம் பாடும் சீன முகத்துப் பாட்டிகளை எங்கள் பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அந்த வரிசையில் கடைசிகளில் ஒருத்தி. எனக்கு நினைவு தெரிந்து என் மொழி தமிழ்தான். தமிழ்ப்பள்ளியில் படித்தேன், தமிழ்ப் பையனையே கட்டிக்கொண்டேன். பாசாரில் பேரம் பேசும் அளவுக்குக் கான்டனீஸ் வரும், அவ்வளவுதான்.

எர்ஹு என்பது சீனர்களின் இரண்டு கம்பி வில் வாத்தியம். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த ஆ பாக் அதை "யீ வூ" என்பார், கான்டனீஸ் உச்சரிப்பில். அவருக்கு வெள்ளீயச் சுரங்கத்தில் பலோங்கில் வேலை. தண்ணீரோடு ஓடிவரும் மண்ணிலிருந்து ஈயம் பிரியும் அந்த உயரமான மரச்சாரத்தைத்தான் பலோங் என்பார்கள். மாலையில் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பார். எட்டு வயதில் வேடிக்கை பார்க்கப் போனேன். அம்மாதான் பிடித்துத் தள்ளினார்: "அது உன்னோடதுடி, போய்க் கத்துக்கோ." 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வியாபாரம் நின்றுபோனது. சில மாதங்களுக்குள் எங்கள் கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. மறுவருஷம் ஆ பாக் மகனோடு ஊரைவிட்டுப் போனபோது எர்ஹுவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆசிரியர் போனதால்தான் விட்டேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பள்ளியில் என்னைச் "சீனச்சி" என்று கூப்பிட்ட பிள்ளைகள் நான்கு பேர். அவர்களுக்குக் கையில் ஆதாரம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கைலியில் சுற்றி அலமாரி மேல் போட்டவள் நான்தான்.

பிப்ரவரி 11

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், ஈப்போவில் பாதிக் கடைகள் மூடல். வேண்டுமென்று இந்த நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை, விடுமுறை கிடைத்தது. அம்மா இருந்தவரை இந்த நாளில் இரண்டு மாண்டரின் ஆரஞ்சு வாங்கி முருகன் படத்துக்கு முன்னால் வைப்பார். அதற்கு அவர் விளக்கம் எதுவும் சொன்னதில்லை.

பழைய பேப்பர் விரித்து மூட்டையைப் பிரித்தேன். நிலவரம் இது.

தண்டு நேராகத்தான் இருக்கிறது. 80 சென்டிமீட்டர் நீளம், கருஞ்சிவப்பு மரம், நல்ல கனம். அடியில் ஆறுபட்டைப் பெட்டி, உள்ளங்கை அகலம். முன்பக்கம் மலைப்பாம்புத் தோல், பின்பக்கம் மரத்தில் செதுக்கிய ஜன்னல். ஜன்னலுக்குள் டார்ச் அடித்தால் கரப்பான் முட்டைக் கூடுகள் ஏழெட்டு. கம்பிகள் இரண்டும் துரு. தடிமனான உள்கம்பியின் மேல்சுற்று அவிழ்ந்து சுருள் சுருளாகத் தொங்குகிறது. கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையைக் காணோம். வில்லில் மயிர் முப்பது நாற்பதுதான் பாக்கி. பூச்சி தின்றிருக்கிறது, குதிரை மயிரை இருட்டில் வைத்தால் அது நடக்கும். கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடைகளில் மேலே இருப்பது இறுகிப்போய் அசையவில்லை, கீழே இருப்பது தொட்டாலே சுற்றுகிறது.

தோலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். செதில்கள் மங்கிப்போயிருந்தன, ஆனால் கிழியவில்லை. கீழ்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பசை விட்டு லேசாகத் தூக்கியிருந்தது. நடுவில் விரலால் தட்டினால் "தொப்" என்றது, நனைந்த முறம் மாதிரி.

பெட்டியின் மேல்பக்கம், தண்டை ஒட்டி, வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்துப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்ட ஆரம்பித்தேன். பாதி போன பிறகு ஒரு வாசனை வந்தது, குங்கிலியமும் தூசியும் கலந்தது போல. அப்போதுதான் கை நின்றது. ஆ பாக் தீக்குச்சியைக் கிழித்து, வில் மயிருக்குப் பிடிப்புத் தரும் ரோசின் பிசின் கட்டியை உருக்கி, சொட்டுச் சொட்டாக அந்த இடத்தில்தான் விடுவார். வில்லின் மயிர் ஒவ்வொரு இழுப்பிலும் அதன் மேல் உரசி, தனக்கு வேண்டிய ரோசினைத் தானே எடுத்துக்கொள்ளும். பழைய ஆட்களின் வழக்கம் அது. இப்போது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, கட்டியை எடுத்து மயிரில் தேய்க்கிறார்கள். மீதிப் பாதியைத் தொடவில்லை. சுரண்டிய தூளைக் கொட்டவும் மனசு வரவில்லை, ஒரு காலி மருந்துக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அன்றே செய்த தப்பு

கொழுந்தன் உறுமிமேளக் குழுவில் வாசிக்கிறவன். தோலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஈரம் இறங்கியிருக்கு அண்ணி. தப்பு மேளத்தைத் தீயில காட்டுற மாதிரி வெயில்ல வைங்க, கணீர்னு வந்துரும்" என்றான். எனக்கும் சரி என்றே பட்டது. இந்த ஊரின் ஈரக்காற்றில் எந்தத் தோல்தான் விறைப்பாக இருக்கும்?

பதினொரு மணி வெயிலில் வாசல் திண்ணையில் வைத்தேன். இருபது நிமிஷம் இருக்கும். உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது "டக்" என்று ஒரு சத்தம், பல்லி சொல்வதுபோல. ஓடி வந்து பார்த்தால், ஆறுபட்டையில் ஒரு மூட்டு மேலிருந்து கீழ்வரை விட்டிருந்தது. நகம் நுழையும் இடைவெளி.

பிறகு யோசித்தால் காரணம் எளிது. தப்பின் வளையம் உறுதியானது, தோல் இறுகினால் தாங்கும். எர்ஹு பெட்டி ஆறு மெல்லிய பலகைகளை வெறும் பசையால் சேர்த்தது. தோலை ஈரமாக இழுத்துக் கட்டி ஒட்டியிருப்பார்கள். அது திடீரென்று காய்ந்து சுருங்கும்போது பலகைகளை உள்பக்கம் இழுக்கிறது. 38 வருஷம் தூங்கிய பசை அந்த இழுப்புக்குத் தாங்கவில்லை. கொழுந்தனைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் வைத்தது என் கை.

பிப்ரவரி 21, கடை

கடை திறக்கும்வரை காத்திருந்து போனேன். ஒடுங்கலான கடைவீடு, உள்ளே இருட்டில் பிப்பா என்ற சீனத் தந்தி வாத்தியங்களும் புல்லாங்குழல்களும் தொங்கின. எழுபது வயதுக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் மாண்டரினில் கொட்டினார். நான் மலாயில், "மன்னிக்கணும் அங்கிள், எனக்கு மாண்டரின் வராது" என்றேன். கண்ணாடியை இறக்கி என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "உங்கம்மா இந்தியரா?" என்றார். "ஆமாம்" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. எர்ஹுவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னைவிட ரொம்ப நேரம் தோலைப் பார்த்தார்.

தோலை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "தளர்ந்துதான் போயிருக்கு, செத்துப் போகல. வாசிச்சுப் பாரு, ஆறு மாசம் கழிச்சு வா." புதுத் தோல் என்றால் அதற்குத் தாள் வேண்டும் என்பதையும் சொன்னார். அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் மலைப்பாம்பு இருக்கிறது. சீனாவில் 2005 முதல் எர்ஹுவோடு, இது பண்ணையில் வளர்த்த பாம்பின் தோல், காட்டில் பிடித்ததல்ல என்று வனத்துறைச் சான்று தருகிறார்கள். நம் கஞ்சிராவின் கதைதான். உடும்புத் தோலுக்கு இந்தியச் சட்டம் தடை போட்ட பிறகு ஆட்டுத்தோல், செயற்கைத் தோல் என்று கஞ்சிராக்காரர்கள் அலைந்தார்களே, அதேபோல எர்ஹுவுக்கும் செயற்கைத் தோல் வந்துவிட்டது. என் வாத்தியத்துக்குத் தாளும் இல்லை, வேறு தோல் போடும் எண்ணமும் இனி இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு நாடு தாண்டும் ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும்.

விட்டுப்போன மூட்டைத் தானே ஒட்டித் தருவதாகச் சொன்னார், இரண்டு வாரம் ஆகும் என்றார். நானே செய்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு வச்சிரப் பசைக் குருணை ஒரு பொட்டலம், கம்பி ஒரு ஜோடி, மேப்பிள் மரக் குதிரை ஒன்று, நடுத்தர வில் ஒன்று எடுத்து வைத்தார். பழைய வில்லுக்கு மயிர் போடுவது புது வில்லைவிட அதிக செலவு. பழையதைச் சுவரில் மாட்டிவிட்டேன்.

பசை

சூப்பர் குளூ போட்டால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒட்டும். ஆனால் அடுத்து பழுதுபார்க்கிறவர் பிரிக்க முடியாது, மரத்தோடு சேர்த்து உடைக்க வேண்டியதுதான். வச்சிரம் மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. வெந்நீர் பட்டால் இளகிவிடும், திரும்பவும் ஒட்டலாம். பழைய தச்சர்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள்.

குருணையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் சவ்வரிசிபோல் உப்பியிருந்தது. ஒரு சின்ன டம்ளரில் போட்டு, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்திச் சூடாக்கினேன். கொதிக்கவே கூடாது, கொதித்தால் பிடிப்பு போய்விடும். 60 டிகிரியைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டேன். தேன் பதத்துக்கு வந்ததும் வாசனை வீட்டைத் தூக்கியது. ஆட்டுக்கால் சூப்பு வைத்து மறந்துபோன அடுப்பு மாதிரி. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இந்தப் பசைக்கு நேரம் கொடுத்தால் கெட்டுவிடும். முதல் தடவை மூட்டுக்குள் தூரிகையை நுழைத்துத் தடவுவதற்குள் ஆடை கட்டிவிட்டது. துடைத்தெடுத்து, வெந்நீரில் நனைத்த துணியால் கழுவிக் காயவைத்து, மறுநாள் திரும்ப. இந்தத் தடவை முடி உலர்த்தியால் மரத்தை முதலில் வெதுவெதுப்பாக்கிக்கொண்டேன், தோல் பக்கம் காற்று படாமல் அட்டையை மறைத்து. பசை விட்டு, இரண்டு பக்கமும் அமுக்கி, சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி ஆறு சுற்றுச் சுற்றினேன். மரப்பிடி போட்டால் ஒரு மூலையில்தான் அழுத்தும், ரப்பர் எல்லாப் பட்டையிலும் ஒரே மாதிரி இறுக்கும். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். டியூபை இழுத்துக் கட்டும்போது அவர் கை நினைவுக்கு வந்தது. முழங்கை வரைக்கும் நரம்பு.

தூக்கியிருந்த தோல் விளிம்புக்கும் அதே பசை, பல்குத்தும் குச்சியால். இரண்டு நாள் தொடவில்லை.

பிரடை

அசையாத மேல்பிரடையைப் பலவந்தமாகத் திருகினால் தண்டு பிளந்துவிடும். பின்பக்கம் மெல்லிய முனையில் துணி வைத்து, மரத்துண்டால் மெதுவாகத் தட்டினேன். நான்காவது தட்டில் விட்டது. இறுகும் பிரடைக்கு மெழுகு, நழுவும் பிரடைக்குச் சுண்ணக்கட்டி. வீணைக்காரர்களும் வயலின்காரர்களும் செய்வது அதுவே. பள்ளிக்கூடச் சாக்பீஸ் துண்டு போதும்.

மேல்பிரடை உள்கம்பிக்கு, கீழ்ப்பிரடை வெளிக்கம்பிக்கு. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

கம்பி மாட்டிய அசட்டுத்தனம்

மார்ச் 2, சனிக்கிழமை சாயந்திரம். இரண்டு கம்பியையும் அடியில் கொக்கியில் மாட்டி, பிரடையில் சுற்றி, குதிரையை நிறுத்தி, போனில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து, முக்கால் மணி நேரம் மெனக்கெட்டுச் சுருதி சேர்த்தேன். உள்கம்பி மேற்கத்திய டி. வெளிக்கம்பி ஏ, 440 ஹெர்ட்ஸ். எல்லாம் ஆனது. வில்லை எடுத்தேன்.

வில் வெளியில் இருந்தது.

எர்ஹுவின் வில், கம்பிகளுக்கு மேலே உரசுவதல்ல. மயிர் இரண்டு கம்பிக்கும் நடுவே போகும், வாத்தியத்தோடேயே வாழும், கழற்றுவதே இல்லை. உள்பக்கம் இழுத்தால் ஒரு கம்பி, வெளிப்பக்கம் தள்ளினால் இன்னொன்று. கம்பி மாட்டும்போதே வில்லை நடுவில் விட்டிருக்க வேண்டும். எட்டு வயதில் தெரிந்த விஷயம் ஐம்பது வயதில் மறந்துபோயிருக்கிறது. மெல்லிய கம்பியை அவிழ்த்து, வில்லை நுழைத்து, மறுபடி முதலிலிருந்து. வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பது கேட்டது.

சியென்ஜின்

தண்டின் மேல்பாதியில், கம்பிகளைத் தண்டோடு சேர்த்துக் கட்டும் நூல் சுற்று ஒன்று உண்டு. வீணையில் மேரு செய்யும் வேலையை எர்ஹுவில் இந்த நூல்தான் செய்கிறது. வீணையில் இருக்கும் மெட்டுக்கட்டைகள் கிடையாது, விரல்பலகை கிடையாது. குதிரைக்கும் இந்த நூலுக்கும் நடுவே உள்ள கம்பி அந்தரத்தில் நிற்கிறது, விரல் அதை மரத்தின் மேல் அழுத்தவே அழுத்தாது. அதனால் இந்த நூலை எங்கே கட்டுகிறோம் என்பதுதான் எல்லா ஸ்வரங்களின் இடத்தையும் தீர்மானிக்கும்.

அளவுகோல் வேண்டாம், கைதான் கணக்கு. வாத்தியத்தைத் தொடையில் நிறுத்தி, இடது முழங்கையைப் பெட்டியின் மேல் ஊன்றி, முன்கையைத் தண்டோடு ஒட்டி நிமிர்த்தினால் சுண்டுவிரல் நுனி தொடும் இடத்தில் கட்ட வேண்டும். பழைய நூல் இத்துப்போயிருந்தாலும் அது இருந்த இடத்தில் தண்டில் ஒரு வெளிறிய வளையம் தெரிந்தது. என் சுண்டுவிரல் அதற்கு இரண்டு விரற்கடை கீழேதான் எட்டியது. அந்த வளையம் ஆ பாக்கின் கையளவு. சின்னப் பெண்ணாக அந்த வாத்தியத்தில் வாசித்தபோதெல்லாம் நான்காம் விரல் எட்டாமல் அழுததற்கு இதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது. ஒருவேளை இறக்கிக் கட்டித் தந்திருப்பாரோ, எனக்கு நினைவில்லை.

என் அளவுக்குக் கட்டினேன். பருத்தி நூல், பன்னிரண்டு சுற்று. முதலில் ரொம்ப இறுக்கிவிட்டேன், கம்பிகள் தண்டை ஒட்டிப் போய் விரல் வைக்கவே இடமில்லை. இரண்டாவது முறை, நூலுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு விரல் கனம் இடைவெளி விட்டேன். அதுதான் சரி.

பெயர் கடைக்காரர் சொன்னது. மாண்டரினில் சியென்ஜின் என்றால் ஆயிரம் காட்டி, பழைய சந்தை எடை. இத்தனை சின்ன நூல் அத்தனை பாரம் தாங்குகிறது என்று அர்த்தம். அதே உச்சரிப்பில் வேறு எழுத்துகளால் எழுதினால் ஆயிரம் பொன். அடுத்தவர் வீட்டுப் பெண்ணை மரியாதையாகக் குறிப்பிடும் சொல் அது. சிலர் இந்த நூலின் பெயரையே அப்படி எழுதுவதும் உண்டாம். "உங்க வீட்டு சியென்ஜின் எப்படி இருக்கா" என்று கேட்பார்களாம், மகளை. அவர் ரசீது எழுதிக்கொண்டே இதைச் சொன்னார். நான் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன், இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது.

முதல் சத்தம்

எண்ணெய் போடாத கிணற்று உருளை. வேறு உவமை தேட வேண்டியதில்லை.

காரணம் புது வில். ரோசின் ஏறவில்லை. பத்து நிமிஷம் தேய்த்த பிறகு கம்பி பிடிக்க ஆரம்பித்தது. ஆனால் வெளிக்கம்பியில் மேலே போகப்போக ஒரு ஸ்வரத்தில் மட்டும் அடித்தொண்டையில் யாரோ உறுமுவதுபோல நடுங்கியது. இதை ஓநாய் என்கிறார்கள். பெட்டியின் சொந்த அதிர்வும் கம்பியின் அதிர்வும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வதால் வருவது. அதை அடக்கத்தான் குதிரைக்குக் கீழே, கம்பிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சின்னத் திண்டு வைப்பார்கள். கடையில் தந்த கம்பளத் துண்டை வைத்தேன். ஓநாய் போனது, கூடவே குரலும் போனது, ஜலதோஷம் பிடித்த மாதிரி. பஞ்சு வைத்துப் பார்த்தேன், ஸ்பாஞ்சு வைத்துப் பார்த்தேன். கடைசியில் அம்மாவின் பழைய பருத்திப் பாவாடையிலிருந்து இரண்டு விரல் அகலம் கிழித்து நாலாக மடித்து வைத்ததுதான் பொருந்தியது. உணர்ச்சிவசப்பட்டு வைத்ததல்ல, வீட்டில் ஆகப் பழைய, ஆக மெத்தென்ற துணி அதுதான்.

கையும் தோளும்

அம்மாவைப் படுக்கையிலிருந்து தூக்கித் தூக்கி என் இடது தோள் இறுகிப்போயிருந்தது. ரவிக்கைக் கொக்கி போட முடியாது. பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், "வலிக்கிற இடம்வரை கொண்டுபோய் நிறுத்துங்க, தினமும்" என்றாள். சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. மூன்று நாளில் அலுத்துவிட்டது.

இசை நோய் தீர்க்கும் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிறவள். ஆனால் எர்ஹு வாசிக்க இடது முழங்கை உடம்பைவிட்டு விலகி நிற்க வேண்டும், கை தண்டில் ஏறி இறங்க வேண்டும். ஆரம்பத்தில் மூன்று நிமிஷம் தாங்கினேன். மே மாதத்தில் இருபது நிமிஷம். தோள் தானாகவே தளர்ந்திருக்கலாம், அந்த நோய்க்கு அப்படி ஒரு குணம் உண்டு. எப்படியோ, அலமாரியின் மேல்தட்டு இப்போது எட்டுகிறது.

தோளைவிட அந்த இருபது நிமிஷம்தான் எனக்கு வேண்டியிருந்தது. சாயந்திரம் ஆறு மணி அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம். அவர் போன பிறகு அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்காது, அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விடும். இப்போது அந்த நேரத்துக்கு எர்ஹுவை எடுக்கிறேன்.

கற்றுக்கொடுக்க ஒரு சின்னப் பெண் கிடைத்திருக்கிறாள், என் மகள் வயது. லாவ்ஷி என்றுதான் கூப்பிடுகிறேன், ஆசிரியர் ஆசிரியர்தான். எண்களில்தான் பாடம்: 1, 2, 3, 5, 6. உள்கம்பி 1, வெளிக்கம்பி 5. நமக்கு ஸ, ப. முதல் பாட்டை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: ஸ ரி க ப த, சுத்தமான மோகனம். கோயிலில் எத்தனை வருஷம் பாடியது! விரல் தன்னால் போனது. லாவ்ஷி கையைக் காட்டி நிறுத்தினாள். "ஸ்வரம் சரி, ஆனால் நீங்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றி வளைத்துப் போகிறீர்கள். நேராகப் போய் இறங்குங்கள்." எர்ஹுவில் இழைப்பு உண்டு, நிறையவே உண்டு. ஆனால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. என் விரலில் வருவது தேவாரக்காரியின் ஜாரு. ஒரு மாதம் நேராக வாசிக்கப் பழகினேன். முடிந்த அன்று அவள், "சரி, இப்போது உங்கள் மாதிரி ஒரு தடவை" என்றாள். வாசித்தேன். அவள் போனில் பதிவு செய்துகொண்டாள், எதற்கென்று சொல்லவில்லை.

இன்னொன்றும் அவளிடமிருந்து தெரிந்தது. எர் என்றால் இரண்டு, எல்லோருக்கும் தெரியும். ஹு என்பது பழைய காலத்தில் வடக்கிலும் மேற்கிலும் இருந்த வேற்று இனத்தாரைச் சீனர்கள் அழைத்த பெயர். இந்த வாத்தியக் குடும்பமே வெளியிலிருந்து வந்தது என்று பெயரிலேயே இருக்கிறது. தெருவிலும் கூத்து மேடையிலும் பக்கவாத்தியமாகக் கிடந்ததைத் தனி வாத்தியமாக்கி, பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தவர் லியு தியன்ஹுவா. 1932-இல் 37 வயதில் இறந்துபோனார். சுமார் நூறு வருஷம்தான் ஆகிறது, இப்போது அதுதான் சீனத்துக் குரல் என்கிறார்கள்.

ஊஷி ஊரில் ஆ பிங் என்றொரு கண்தெரியாத தெருப்பாடகர் இருந்தார். 1950-இல் பேராசிரியர் ஒருவர் நாடாவுக்குப் பதில் கம்பியில் ஒலிப்பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு தேடிப்போனபோது, எர்ஹுவின் தோலை எலி கடித்துவிட்டது, வாசித்து இரண்டு வருஷம் ஆகிறது என்றாராம். இரவல் வாத்தியம் வந்தது. மூன்று நாள் பழக அவகாசம் கேட்டார். அந்தப் பதிவுதான் இன்று உலகமெல்லாம் கேட்கிறது. அவர் அதே டிசம்பரில் இறந்துவிட்டார். என் எர்ஹுவை எலி கடிக்காமல் இருந்ததற்கு அம்மாவின் கைலிச் சுற்றல்தான் காரணமாக இருக்க வேண்டும். நான் சுற்றியது ஒற்றைச் சுற்று. பிரித்தபோது மூன்று சுற்று இருந்தது, உள்ளே வேப்பிலைச் சருகு.

இப்போதைய நிலவரம்

ஒட்டிய மூட்டு நிற்கிறது. மழை நாளில் தோல் தளர்ந்து குரல் கம்முகிறது. உறைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு வைத்தேன், கொஞ்சம் பரவாயில்லை. கீழ்ப்பிரடை இன்னும் வாரம் ஒரு முறை நழுவுகிறது, அதைக் கடைக்காரரிடமே விட வேண்டியதுதான். ஆறு மாசம் ஆகிவிட்டது, எப்படியும் போக வேண்டும்.

தீராத வேலை ஒன்று பாக்கி. கைலி மூட்டைக்குள் ஒரு 555 நோட்டு இருந்தது. மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தச் சின்ன நோட்டுதான். முன்பக்கம் அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று கணக்கு. பின்பக்கத்திலிருந்து ஆ பாக் எழுதிய எண்கள், பக்கத்தில் தமிழில் என் கோழிக்கிறுக்கல்: "மெதுவா", "இங்க மூச்சு". கடைசிப் பக்கத்தில் நாலு வரிப் பாட்டு ஒன்று. பெயர் இல்லை, சுருதி எது என்றும் எழுதவில்லை. மூன்றாம் வரியில் ஒரு 6. எண்ணுக்குக் கீழே புள்ளி இருந்தால் அது கீழ் ஸ்தாயி. சரியாக அந்த இடத்தில் பூச்சி ஓட்டை போட்டிருக்கிறது.

புள்ளி இருந்திருந்தால் உள்கம்பியை 1 என்று வைத்து அதை வாசிக்கவே முடியாது, கம்பியில் அவ்வளவு கீழே இடமில்லை. உள்கம்பியை மந்தர 5 என்று வைத்துக்கொள்ள வேண்டும், அப்போது விரல்வைப்பு முழுக்க மாறிவிடும். புள்ளி இல்லையென்றால் எனக்குத் தெரிந்த சாதாரண வழி. லாவ்ஷிக்கு அந்தப் பாட்டு தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. திங்கள், புதன் ஒரு மாதிரி வாசிக்கிறேன். செவ்வாய், வியாழன் இன்னொரு மாதிரி.